ஏணிப்படமும் நம் பிள்ளைகளும்

காலை வேளையில் மாரிக்குப்பத்திலிருந்து வரும் வண்டி பெங்களூரு நகர நிலையத்தில் வந்து நின்றதும் அதிலிருந்து இறங்கும் கூட்டத்தை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். நமது அலுவலகத்திற்குப் போகும் வழி அந்தப் பிளாட்பாரத்தின் ஓரமாகவே செல்கிறது. கையில் சாப்பாட்டுத் தூக்கும் தோளில் பையுமாக இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கோலார் தங்கவயல் பிள்ளைகள். அவர்களுடைய பாட்டன்மார் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்காக அங்கே குடியேறியவர்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் கையிலெடுத்த அந்தச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூலிக்காக நூறு கிலோமீட்டர் வண்டியேறி வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூட்டத்தில் நம் சொந்தத் தமக்கையின் மகனும் ஒருவன். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரிஷியன் பிரிவு முடித்தவன். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் வேலை. நகர நிலையத்தில் இறங்கி, மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறி, பீன்யாவில் இறங்கி நடப்பான். ஒரு நாள் மாலை நமது வீட்டிற்கு வந்தவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மாமா, பழைய ரிலே பேனலையெல்லாம் எடுக்கப் போகிறார்களாம். எல்லாம் பி.எல்.சி.க்கு மாறுகிறதாம். அது தெரிந்தவர்களை மட்டும் வைத்துக்கொள்வார்களாம். எனக்கு ஆறு மாதம் இருக்கிறது" என்றான். உள்ளே நம் இல்லத்தரசி காப்பி கலக்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று. அவனுடைய தங்கைக்கு அப்பொழுதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இக்கட்டுரை அந்த ஆறு மாதத்தைப் பற்றியது. நாம் மெட்ரிக் வரை மட்டுமே படித்தோம். தந்தையார் காலமானபின் கருணை அடிப்படையில் ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தோம். யந்திர சாஸ்திரம் நமக்குத் தொழிலன்று. ஆயினும் அவனுக்கு ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துச் சொல்லும் வேலை நம் தலையில் விழுந்ததால், அவன் கற்றதில் ஒரு பகுதியை நாமும் கற்றோம். நம் சங்கத்துக் குடும்பங்களில் இதே நிலையிலுள்ள பிள்ளைகள் பலர் இருப்பர் என்பதனால் எழுதுகிறோம்.

பி.எல்.சி. என்பது என்ன? தொழிற்சாலையில் ஒரு மோட்டார் ஓட வேண்டும், ஒரு வால்வு திறக்க வேண்டும், கதவு மூடியிருந்தால்தான் கத்தி இறங்க வேண்டும். இத்தகைய நிபந்தனைகளை முற்காலத்தில் ரிலேக்களைக் கொண்டு நிறைவேற்றினார்கள். ரிலே என்பது மின்சாரத்தால் இழுக்கப்படும் ஒரு சிறு சுவிட்ச். ஒரு பெரிய யந்திரத்தின் பேனலில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றிடையே ஓடும் கம்பிகளோ ஆயிரக்கணக்கில். நிபந்தனை ஒன்று மாறினால் கம்பிகளைக் கழற்றி மாட்ட வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு இதுவே தலைவலியாயிற்று. கார் மாடல் மாறும்போதெல்லாம் பேனல்களைப் பிரித்துப் புதிதாகக் கட்டவேண்டியிருந்தது. 1968-இல் அக்கம்பெனியின் ஹைட்ராமேட்டிக் பிரிவினர், கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றக்கூடிய ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வாண்டு ஜனவரி முதல் தேதி டிக் மார்லி என்னும் பொறியாளர் அத்தகைய பெட்டிக்கான குறிப்பை எழுதினார். புத்தாண்டு நாளிலும் ஓய்வெடுக்கவில்லை போலும்! அவர் இருந்த பெட்ஃபர்டு அசோஸியேட்ஸ் நிறுவனத்தின் 84-ஆவது திட்டம் ஆகையால் அப்பெட்டிக்கு 084 என்றே பெயரிட்டார்கள். மோடிகான் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. கம்பிகளாக இருந்த நிபந்தனைகள் அன்று முதல் எழுத்துகளாயின. ரிலேக்கள் பெட்டியின் நினைவுக்குள் புகுந்தன.

அவர்கள் செய்த ஒரு காரியம் நம் போன்றவர்களுக்குப் பேருதவியாக அமைந்தது. புதுப் பெட்டிக்கெனப் புது மொழி ஒன்றை எலெக்ட்ரிஷியன்மேல் சுமத்தாமல், அவனுக்கு ஏற்கெனவே பழக்கமான ரிலே வரைபடத்தையே திரையில் வரையச் செய்தார்கள். இரண்டு பக்கமும் நெடுக்குக் கோடு, நடுவே குறுக்குக் கோடுகள். பார்ப்பதற்கு ஏணி போலவே இருக்கும். ஆகவே லேடர், அதாவது ஏணிப்படம். 1993-இல் பன்னாட்டு மின் தொழில்நுட்பக் குழு 61131-3 என்ற எண்ணுள்ள தர விதியை வெளியிட்டபோது ஐந்து மொழிகளை அங்கீகரித்தது. அவற்றுள் ஏணிப்படமும் ஒன்று. பீன்யாவின் தளங்களில் நம் பிள்ளைகள் முதலில் சந்திக்கப்போவது அதைத்தான்.

தமக்கை மகன் முதலில் செய்த காரியம் தவறானது. மெட்ரோ தூணில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, "45 நாளில் ஆட்டோமேஷன் இன்ஜினீயர், வேலை உறுதி" என்று கூறிய ஓர் இடத்தில் நாற்பதாயிரம் ரூபாய் கட்டினான். அந்தப் பணம் தமக்கையின் இரண்டு வளையல். அங்கே முப்பது பிள்ளைகளுக்கு ஒரே பெட்டி. அதையும் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். ஆசிரியர் திரையில் காட்ட, பிள்ளைகள் நோட்டில் எழுதினார்கள். முடிவில் ஒரு சான்றிதழ் கிடைத்தது. வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. பெயரைச் சொல்லிப் பயனில்லை. ஒன்று மூடினால் இன்னொன்று திறக்கும். பெற்றோர் ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்: பிள்ளையின் கை கம்பியைத் தொடுமா? ஒரு பெட்டிக்கு எத்தனை பிள்ளைகள்? பழுதை வேண்டுமென்றே உண்டாக்கிக் கண்டுபிடிக்கச் சொல்வார்களா? இவற்றுக்கு நேர்விடை கிடைக்காத இடத்தில் வளையலைக் கழற்றாதீர்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வீட்டிலிருந்தால், அவனுக்கு இவ்வூரிலேயே நல்ல வழிகள் உண்டு. 1972-இல் டென்மார்க் அரசின் உதவியோடு தொடங்கப்பட்ட ஜி.டி.டி.சி. இராஜாஜிநகரில் இருக்கிறது. 1959-இல் தலசேரியை அடுத்த நெட்டூரில் பிறந்த என்.டி.டி.எப். பீன்யாவில் இருக்கிறது. இரண்டிலும் மெக்கட்ரானிக்ஸ் டிப்ளமா உண்டு. யந்திரமும் மின்சாரமும் கட்டுப்பாடும் சேர்ந்த படிப்பு அது. கர்நாடக அரசு 150 ஐ.டி.ஐ.க்களையும், தமிழ்நாட்டு அரசு 71 ஐ.டி.ஐ.க்களையும் அண்மை ஆண்டுகளில் டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் துணையோடு புதுப்பித்திருக்கின்றன. ஊரில் பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கக்கூடிய பிள்ளைகள் இதையும் விசாரிக்கலாம். ஆனால் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு இவ்வளவு காலமில்லை. நம்மவன் அந்த இரண்டாம் வகை.

ஆகவே வீட்டிலேயே கற்க முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருமாக எஸ்.பி. ரோடுக்குப் போனோம். அந்தச் சந்துகளில் கிடைக்காத மின் சாமான் இல்லை. 24 வோல்ட் மின்வழங்கி ஒன்று, பச்சை சிவப்பு பட்டன்கள், சிறு விளக்குகள், இரண்டு ரிலே, ஒரு பிராக்ஸிமிட்டி சென்சர் வாங்கினோம். பெட்டி மட்டும் பழையது. டெல்டா கம்பெனியின் சிறு மாடல் ஒன்றை, வேறொரு தொழிற்சாலையில் கழித்துப்போட்டதை, நண்பர் ஒருவர் கொடுத்துதவினார். அதற்கான மென்பொருளைக் கம்பெனியே இலவசமாகத் தருகிறது. பெட்டியே இல்லாதவர்கள் கோடிசிஸ் என்ற ஜெர்மன் மென்பொருளைக் கணினியில் ஏற்றிக்கொண்டால், யந்திரமில்லாமலே நிரலை ஓட்டிப் பார்க்கலாம்; அதற்கும் விலையில்லை. ஒரு மரப்பலகையில் எல்லாவற்றையும் திருகி வைத்தோம். சாப்பாட்டு மேசையின் பாதி போயிற்று. இல்லத்தரசியிடம் நாம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பலகையில் நாம் தொட்டது 24 வோல்ட். தொழிற்சாலைப் பேனலிலோ அதே கதவுக்குள் 415 வோல்ட்டும் இருக்கும். முன்னதில் செய்யும் துணிச்சலைப் பின்னதில் செய்யலாகாது. பிரதான சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பின்னரே கை வைக்க வேண்டும் என்பது அத்தொழிலின் முதற் பாடம்.

கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளை தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலப் பக்கத்தைக் கண்டாலே கண் சுருங்கும். நாம் இரவு சாப்பாட்டுக்குப்பின் அகராதியை வைத்துக்கொண்டு பக்கத்திற்குப் பத்து வரியாகத் தமிழில் எழுதிக்கொடுத்தோம். கலைச்சொற்களை மாற்றவில்லை. இன்புட் இன்புட்டாகவே இருந்தது. டைமர் டைமராகவே இருந்தது. தளத்தில் யாரும் உள்ளீடு என்று கூப்பிடப் போவதில்லை. ஆனால் "இன்னது நடந்தால் இன்னது நடக்கும், நடக்காவிட்டால் இன்னது" என்ற வாக்கியங்கள் தமிழில் இருந்தபோது அவன் மனத்தில் நின்றன. இரண்டு நோட்டு நிரம்பிற்று.

முதல் மாதம் முழுவதும் ஒரே ஒரு காரியம்: பச்சை பட்டனை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும், கையை எடுத்தாலும் எரிய வேண்டும், சிவப்பை அழுத்தினால் அணைய வேண்டும். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு. ஆனால் ஒரு தொழிற்சாலையே இதன்மேல்தான் நிற்கிறது. பச்சை பட்டனுக்குப் பக்கத்தில் இணையாக, எரிகிற விளக்கின் தொடர்பையே ஒரு கிளையாகப் போட்டுவிட்டால், கை எடுத்த பின்னும் அது தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறது. இதுவே தாங்கு சுற்று.

சிவப்பு பட்டனில்தான் அவன் இடறினான். நிறுத்தும் பட்டனை எப்போதும் மின்சாரம் பாயும்படி மூடிய நிலையில் கம்பியிட வேண்டும். அழுத்தினால் மின்சாரம் அறும். ஆகையால் ஏணிப்படத்தில் அதை மூடிய தொடர்பாக வரையாமல், திறந்த தொடர்பாக வரைய வேண்டும். இது தலைகீழாகத் தோன்றும். மூன்று இரவு அவன் இதோடு மல்லுக்கட்டினான். "ஏன் மாமா, அழுத்தினால் மின்சாரம் வருகிறமாதிரி வைத்தால் என்ன?" என்று கேட்டான். இதற்கு விடை நமது ரயில்வேயில் இருந்தது. பழைய கைகாட்டி மரத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதை இழுக்கும் கம்பி அறுந்துபோனால் கை தானே கிடைமட்டத்துக்கு வந்துவிடும், அதாவது 'நில்' என்று காட்டும். தண்டவாளத்தில் பாயும் மின்சுற்று அறுந்தாலும் விளக்கு சிவப்பாகவே மாறும். கெட்டுப்போகும்போது பாதுகாப்பான பக்கமாகக் கெட வேண்டும் என்பது நூற்றாண்டு கடந்த விதி. நிறுத்தும் பட்டனின் கம்பியை எலி கடித்தாலும் யந்திரம் நிற்க வேண்டும். அழுத்தும்போது மட்டும் மின்சாரம் வருமாறு வைத்தால், எலி கடித்த பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது. இதைச் சொன்னதும் அவன் முகம் தெளிந்தது. நமக்கும் சற்றுப் பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

இரண்டாவது இடறல், பெட்டி எவ்வாறு சிந்திக்கிறது என்பதில். அது நம்மைப் போல் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்ப்பதில்லை. முதலில் இன்புட்டுகள் எல்லாவற்றின் நிலையையும் ஒருமுறை குறித்துக்கொள்ளும். பின் ஏணியின் முதற்படியிலிருந்து கடைசிப் படிவரை வரிசையாகப் படிக்கும். அதன்பின் அவுட்புட்டுகளுக்குக் கட்டளை கொடுக்கும். மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்குச் சில மில்லிசெகண்டே ஆகும். ஒரே மோட்டாருக்கு இரண்டாம் படியில் 'ஓடு' என்றும், இருபதாம் படியில் 'நில்' என்றும் எழுதிவிட்டால், கடைசியில் சொன்னதே செல்லும். பிள்ளை இவ்வாறு ஒரே விளக்கை இரண்டு இடத்தில் எழுதிவிட்டு, பட்டன் கெட்டுவிட்டது என்று எஸ்.பி. ரோடுக்கு மறுபடி போய் வேறு பட்டன் வாங்கி வந்தான்! எண்களிலும் ஒரு வேடிக்கை. டெல்டா, மிட்சுபிஷி சிறு பெட்டிகளில் இன்புட் எக்ஸ் 7-க்கு அடுத்தது எக்ஸ் 10. எட்டும் ஒன்பதும் கிடையா. எண்ணிக்கை எட்டின் அடிப்படையில் செல்வதால் அப்படி. எக்ஸ் 8 எங்கே என்று தேடியவன் அவன் ஒருவன் மட்டுமல்லன் என்று பிறகு அறிந்தோம்.

மூன்றாம் மாதத்தில் தளத்திலேயே சோதனை வந்தது. அட்டைப்பெட்டி மடிக்கும் யந்திரம் ஒன்று அரைமணிக்கு ஒருமுறை காரணமின்றி நிற்கத் தொடங்கியது. இரவு ஷிப்ட். புரோகிராம் கெட்டுவிட்டது என்றார்கள். இவ்விடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும்: நேற்று வரை சரியாக ஓடிய புரோகிராம் இன்று தானாக மாறிவிடுவதில்லை. கெடுவது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே உள்ளவையே: சென்சர், கம்பி, திருகு தளர்ந்த முனை, காற்றழுத்தம் குறைந்த குழாய். பெட்டியின் முகப்பில் ஒவ்வோர் இன்புட்டுக்கும் ஒரு சிறு விளக்கு உண்டு. அந்த விளக்குகளைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பாதி வேலை முடிந்தது. சென்சர் தன் விளக்கைக் காட்டியும் பெட்டியின் விளக்கு எரியவில்லையென்றால் பழுது இரண்டுக்கும் நடுவே. புதிதாக மாற்றிய சென்சரானால் பி.என்.பி.க்குப் பதில் என்.பி.என். வகையை வாங்கி வந்திருக்கவும் கூடும். பெட்டியின் இன்புட் விளக்கு எரிந்தும் அவுட்புட் எரியவில்லையென்றால் அப்போதுதான் ஏணிப்படத்தைத் திறக்க வேண்டும். அவுட்புட் எரிந்தும் மோட்டார் ஓடாவிட்டால் காண்டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அவன் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேனலின் முன் உட்கார்ந்துவிட்டான். மேற்பார்வையாளருக்குப் பொறுமையில்லை. "அந்த சென்சரை லேப்டாப்பில் ஃபோர்ஸ் செய்துவிடு, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். ஃபோர்ஸ் என்றால், சென்சர் என்ன சொன்னாலும் சரி, 'ஆம்' என்றே வைத்துக்கொள் என்று பெட்டிக்கு ஆணையிடுவது. யந்திரத்துக்குப் பொய் சாட்சி சொல்வது. அந்த சென்சரோ, தள்ளும் கை பின்வாங்கிவிட்டதா என்று காட்டுவது. அது பின்வாங்காமலே மேலுள்ள அழுத்தி இறங்கினால் யந்திரமும் உடையும், தாளை எடுக்கக் கை நீட்டுகிறவனின் விரலும் போகும். பிள்ளை முடியாது என்றான். காண்டிராக்ட் ஆள், மூன்று மாதத்தில் சீட்டு கிழியப் போகிறவன், முடியாது என்று சொன்னான். எழுதிக் கொடுத்தால் செய்கிறேன் என்றும் சேர்த்துச் சொன்னானாம். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பழுது கிடைத்தபோது இரவு மூன்று மணி. சென்சரின் கம்பி, கையோடு சேர்ந்து மடிந்து நிமிரும் இடத்தில் உள்ளே அறுந்திருந்தது. வெளி உறை முழுசாக இருந்தது. யந்திரம் நிற்கும்போது அறுந்த செம்பு முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், மல்டிமீட்டரும் நல்ல கம்பி என்றே காட்டும். கை அசைந்து கம்பி இழுபடும்போது மட்டும் அவை பிரியும். மின்சாரத்தை அணைத்து, மீட்டரை மாட்டியபடியே கையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்ததில் அகப்பட்டது. இருநூறு ரூபாய்க் கம்பி.

கம்பியைப் பற்றிப் பேசும்போது ஒன்றை நினையாமல் இருக்க முடியவில்லை. 2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை ஒடிசாவின் பாலசோர் மாவட்டம் பஹநாகா பஜார் நிலையத்தில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிரதான பாதைக்குரிய பச்சை விளக்கைக் கண்டு வந்தும், மாற்றுப்பாதையில் திரும்பி நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. அதே வேளை அங்கே கடந்துகொண்டிருந்தது நம் பெங்களூருவிலிருந்து ஹௌராவுக்குச் சென்ற வண்டி. 290-க்கு மேற்பட்டோர் மாண்டனர். சிக்னல் சுற்றில் முன்பு செய்யப்பட்ட மாற்றத்திலும், அன்று லெவல் கிராசிங் தடுப்பு தொடர்பாக நடந்த வேலையிலும் இருந்த பிழைகளே காரணம் என்று அரசு மாநிலங்களவையில் தெரிவித்தது. நமது அலுவலகத்தில் அந்த வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. ஸ்ரீரங்கம் போன்ற நிலையங்கள் 1980-களிலேயே மின்னணு முறையைக் கண்டவை. ரிலேயின் இடத்தைக் கணினி பிடித்து நாளாயிற்று. ஆயினும் கம்பி எங்கே போகிறது என்று கையால் பின்தொடர்ந்து பார்ப்பதும், கழற்றும் முன் எண் கட்டுவதும், மாற்றியபின் வரைபடத்தைத் திருத்துவதும் எந்தக் கணினியாலும் நீங்காத வேலைகள். அந்தச் செய்தித்தாளைப் பிள்ளை தன் நோட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருக்கிறான். நாம் சொல்லிச் செய்ததல்ல.

ஐந்தாம் மாதத்தில் ஆயுதபூஜை வந்தது. யந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பூசணிக்காய் உடைத்து, பிரதான சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் நான்கு நாள் வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால், உதிரி பாகங்களைக் கழுவும் பழைய யந்திரம் ஒன்று அசையவில்லை. 1990-களில் வெளிநாட்டிலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் புரோகிராம் ஒரு சிறு லிதியம் பாட்டரியின் தயவில் உயிர் வாழும். மின்சாரம் இருக்கும்வரை பாட்டரி செத்தாலும் தெரியாது. அது செத்துவிட்டது என்று முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு பல மாதமாக எரிந்துகொண்டிருந்தது. சந்தனம் வைத்தவர்கள் அந்த விளக்கையும் பார்த்திருப்பார்கள். நான்கு நாள் மின்சாரம் இல்லாததால் புரோகிராம் அழிந்துவிட்டது. நகல் இல்லை. இத்தகைய பாட்டரியை, கையேடு வேறுவிதமாகச் சொன்னாலன்றி, மின்சாரம் இருக்கும்போதே மாற்ற வேண்டும் என்பதை அந்தத் தொழிற்சாலை அன்று கற்றது.

வெளியிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினீயர் கேட்ட தொகையில் பாதிக்கு இன்னொரு யந்திரமே வாங்கலாம் என்று முதலாளி வருந்தினாராம். பிள்ளை தயங்கித் தயங்கி, தான் முயன்று பார்ப்பதாகச் சொன்னான். 23 இன்புட், 14 அவுட்புட். பேனல் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த மஞ்சளேறிய மின்வரைபடம் ஒன்றே துணை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அது சொல்லும். எது முதலில், எது பின்னால், எத்தனை வினாடி என்று சொல்லாது. அதைச் சொன்னவர், பதினெட்டு ஆண்டு அந்த யந்திரத்தை ஓட்டிய கன்னடப் பெரியவர். அவருக்கு ஏணிப்படம் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, கதவு மூடும் ஓசை, பம்பு எழும் ஓசை, நீர் வடியும் ஓசை, சூடான காற்று வீசும் ஓசை என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நடுவே விரலால் தாளம் போட்டுக் காட்டினார். பிள்ளை கைக்கடிகாரத்தை வைத்து அந்தத் தாளத்தை எண்ணி டைமர்களில் எழுதினான். இவனுக்குக் கன்னடம் நன்றாக வரும். தங்கவயல் பிள்ளைகளுக்கு அது ஒரு வரம். பதினோரு நாள் ஆயிற்று. முதலில் நீரும் இல்லை, சூடும் இல்லை, வெறும் ஓட்டம். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தான். ஓடிய அன்று பெரியவர் இவன் நெற்றியில் மிச்சமிருந்த குங்குமத்தை இட்டாராம்.

இப்போது அத்தொழிற்சாலையின் எல்லாப் பெட்டிகளின் நகல்களும் இரண்டு இடத்தில், தேதி எழுதி, வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்கென்று தனி லேப்டாப்; வீட்டுப் பென்டிரைவ் எதையும் அதில் செருகக் கூடாது என்பது இவன் போட்ட விதி. 2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் கணினிப் புழு, பென்டிரைவ் வழியாகவும் பரவி, சீமென்ஸ் பெட்டிகளின் கட்டளைகளையே மாற்றக்கூடியதாக இருந்தது என்று எங்கோ படித்திருக்கிறான். பீன்யாவின் கழுவும் யந்திரத்தை யார் தாக்கப்போகிறார்கள் என்று நாம் கேட்டோம். சிரித்தான், விதியை மட்டும் மாற்றவில்லை.

ஆறு மாதம் முடிந்தபோது காண்டிராக்ட் சீட்டு கிழியவில்லை. ஓராண்டு நீட்டித்தார்கள், அதன்பின் கம்பெனியின் சொந்தச் சம்பளப் பட்டியலில் சேர்த்தார்கள். அவனோடு இருந்த நால்வரில் இருவர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் இவனைவிடக் கெட்டிக்காரர்கள், காண்டாக்டரைக் காதால் கேட்டே பழுது சொல்லக்கூடியவர்கள் என்று அவனே சொல்கிறான். ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். மற்றவரிடம் நம்மவன் பலமுறை பேசிப் பார்த்தான். நாற்பது வயதுக்குமேல் லேப்டாப்பின் முன் உட்கார வெட்கமாயிருக்கிறது என்றார். அந்த வெட்கத்தை நம்மால் பரிகசிக்க முடியவில்லை. அலுவலகத்துக்கு முதன்முதல் கணினி வந்தபோது நம் தலைமைக் குமாஸ்தா பட்ட பாட்டைத் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அவன் இப்போது தாசரஹள்ளியில் மூன்று நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். தங்கையின் திருமணம் சென்ற தை மாதம் ஆண்டர்சன்பேட்டையில் நடந்தது. தமக்கையின் வளையல் இரண்டில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. ஞாயிறுதோறும் காலையில் மாரிக்குப்பம் வண்டியில் மூன்று பிள்ளைகள் நமது வீட்டுக்கு வருகிறார்கள். மரப்பலகை மறுபடி சாப்பாட்டு மேசையில் ஏறிவிட்டது. பிள்ளைகள் வரும்முன் அவன் ஏதேனும் ஒரு கம்பியை ரகசியமாகத் தளர்த்திவைப்பான். அவர்கள் கண்டுபிடிக்கும்வரை இட்லி கிடையாது என்பது இல்லத்தரசியின் சட்டம்.

நாம் தமிழில் எழுதிய அந்த இரண்டு நோட்டுகளையும் நகலெடுத்துச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். கையெழுத்து அவ்வளவு அழகில்லை. எழுபத்திரண்டாம் பக்கத்தில் சிவப்பு பட்டனைப் பற்றிய இடத்தில் காப்பிக் கறை இருக்கும். அதற்குக் கீழே உள்ள படத்தைத் தலைகீழாக வரைந்துவிட்டு மறுபக்கம் திருத்தியிருக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.